இடுக்கில் காரைத் திருப்பப் பழக எந்த வழி? ஓட்டுநர் பள்ளி, மைதானம், கேமரா, ஆட்டோமேட்டிக்: ஓர் ஒப்பீடு

உரிமம் வாங்கி ஓரிரு ஆண்டுகள் ஆகியிருக்கும். சென்னையிலிருந்து திண்டிவனம் வரை நெடுஞ்சாலையில் தயக்கமின்றி ஓட்டுபவராகவும் இருப்பார். ஆனால் வீடு திரும்பியதும், அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் இரண்டு தூண்களுக்கு நடுவே காரை ரிவர்ஸில் ஏற்ற வேண்டிய நேரத்தில் உள்ளங்கை வியர்த்துவிடும். இந்த நிலையில் இருப்பவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: மறுபடியும் ஓட்டுநர் பள்ளியில் சேர்வதா, ஞாயிற்றுக்கிழமைகளில் மைதானத்தில் தாமே பழகுவதா, கேமரா பொருத்திக்கொள்வதா, அல்லது கியர் காரை விற்றுவிட்டு ஆட்டோமேட்டிக் வாங்கிவிடுவதா?

நான்கு வழிகளுக்கும் பணம் செலவாகும், நான்கிலும் பலனடைந்தவர்கள் இருக்கிறார்கள். ஆயினும் தன்னிடம் உள்ள குறை எது என்று பார்க்காமல் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதைச் செய்பவர்களே அதிகம் என்பதால், கிளட்ச்சில் தடுமாறுகிறவர் கேமரா வாங்குவதும், தூரம் கணிக்கத் தெரியாதவர் ஆட்டோமேட்டிக்குக்கு மாறுவதும் வழக்கமாக நடக்கின்றன.

## குறை காலிலா, கண்ணிலா?

மெதுவேக ஓட்டத்தில் இரண்டு திறமைகள் சேர்ந்து வேலை செய்கின்றன. ஒன்று, காரை ஊர்ந்து நகர வைத்து, வேண்டிய இடத்தில் குலுங்காமல் நிறுத்துவது. இது காலின் வேலை. மற்றொன்று, நான்கு மூலைகளும் எங்கே இருக்கின்றன, ஸ்டீயரிங்கை ஒடித்தால் எந்த மூலை எந்தப் பக்கம் போகும் என்று அறிவது; இது கண்ணின் வேலை.

எதில் குறை என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஆளில்லாத சமதரையில் ஸ்டீயரிங்கை நேராக வைத்து, ரிவர்ஸ் கியரில் ஓரடி தூரம் மட்டும் நகர்ந்து நிறுத்திப் பாருங்கள். கார் துள்ளினாலோ, ஆஃப் ஆனாலோ, ஓரடி மூன்றடியானாலோ குறை காலில் இருக்கிறது. அதைச் சுலபமாகச் செய்துவிட்டு, தூணைக் கண்டதும் எந்தப் பக்கம் ஒடிப்பது என்று குழம்பினால் குறை கண்ணில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்திருப்பவர்கள் முதலில் காலைச் சரிசெய்துகொள்வது நல்லது. கார் துள்ளிக்கொண்டிருக்கும்போது கண்ணுக்கு யோசிக்க நேரமே கிடைக்காது.

நேரம் எவ்வளவு குறைவு என்பதை ஒரு கணக்கு காட்டும். கார் நிறுத்த வழக்கமாக ஒதுக்கப்படும் இடம் 2.5 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும் கொண்டது. சுமார் 1.8 மீட்டர் அகலமுள்ள டாடா நெக்ஸான் அதில் நடுவாக நின்றால் பக்கத்துக்கு 35 சென்டிமீட்டர்தான் மிஞ்சும். பக்கக் கண்ணாடிகளும் தூணின் பருமனும் அதிலிருந்தே எடுத்துக்கொள்ளும். 1.62 மீட்டர் அகலமுள்ள வேகன் ஆருக்கு 44 சென்டிமீட்டர் கிடைக்கும். மணிக்கு 5 கிலோமீட்டர், அதாவது நடக்கும் வேகத்தில் போகும் கார், அரை நொடியில் 70 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். பிரேக்கை அரை நொடி தாமதமாக அழுத்தினால், இரு பக்கமும் சேர்த்து மிஞ்சியிருந்த இடம் முழுவதற்கும் சமமான தூரத்தைக் கார் கடந்திருக்கும்.

## எவற்றை வைத்து எடைபோடுவது?

முதல் அளவுகோல், ஒரு வழி காலைத் திருத்துகிறதா, கண்ணைத் திருத்துகிறதா என்பது. இரண்டாவது, அங்கே பழகியது வேறு காருக்கும் வேறு இடத்துக்கும் கூடவே வருமா என்பது. மூன்றாவது, வணிக வளாகங்களின் அடித்தள ராம்பில் முன்னால் ஒரு காரும் பின்னால் ஒரு காரும் நிற்கும்போது அது கைகொடுக்குமா என்பது. நான்காவது, விலைப்பட்டியலில் இல்லாத செலவு.

கடைசி அளவுகோலில் காப்பீட்டையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தூணில் உரசிய பம்பருக்குக் காப்பீடு கோரினால், 1500 சி.சி. வரையுள்ள காருக்கு முதல் 1000 ரூபாயும் அதற்கு மேற்பட்ட காருக்கு 2000 ரூபாயும் நம் கையிலிருந்துதான் போகும். அத்துடன் நோ கிளெய்ம் போனஸும் போய்விடும். கோரிக்கையே இல்லாத முதல் ஆண்டுக்கு 20 விழுக்காட்டில் தொடங்கி, தொடர்ந்து ஐந்து ஆண்டுகளில் 50 விழுக்காடு வரை ஏறும் அந்தத் தள்ளுபடி, சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் கிடைப்பது. சிறிய கீறலுக்குக் கோரிக்கை வைத்து அதை இழப்பதைவிட டிங்கரிங் கடையில் பணம் கொடுத்துவிடுவது பல நேரங்களில் மலிவு. ஆகவே, பழகும் காலத்தில் விழும் கீறல்களுக்குச் சொந்தக் காசை ஒதுக்கிக்கொள்வதே நடைமுறை.

## மறுபடியும் ஓட்டுநர் பள்ளி

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன்படி, உரிமத் தேர்வு எழுதுபவர் குறுகலான திறப்பு ஒன்றுக்குள் இடப்பக்கமாகவோ வலப்பக்கமாகவோ காரைப் பின்னோக்கிச் செலுத்திக் காட்டத் தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலான பள்ளிகளில் நடப்பதோ தெருவோட்டம் மட்டுமே. ரிவர்ஸ் என்பது கடைசி இரண்டு வகுப்புகளில் தொட்டுக்கொள்ளும் ஊறுகாயாக இருக்கும்.

பள்ளிக் காரில் பயிற்றுநரின் பக்கத்திலும் கிளட்ச்சும் பிரேக்கும் உண்டு. உயிர்காக்கும் ஏற்பாடுதான். ஆனால் மெதுவேகப் பயிற்சியில் அதுவே குறுக்கே நிற்கிறது. வண்டி துள்ளப்போகிறது என்று தெரிந்ததும் அவருடைய கால் தானாகவே கிளட்ச்சை அழுத்திவிடுவதால், கிளட்ச் பிடிக்கும் புள்ளி எது என்பதைக் கற்பவரின் கால் அறிவதே இல்லை. “கார் நன்றாகத்தானே போனது” என்று எண்ணிக்கொண்டு வீட்டுக்கு வந்து சொந்தக் காரில் உட்கார்ந்த பிறகுதான் இத்தனை நாளும் ஓட்டியது யார் என்பது தெரியவரும்.

பயிற்றுநர்கள் சொல்லித்தரும் அடையாளங்களிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. “பின்கதவு ஜன்னலின் மூலையில் அந்தக் கோடு வந்ததும் ஃபுல்லா ஒடிங்க மேடம்” என்பது பள்ளியின் சிறிய ஹேட்ச்பேக்கின் ஜன்னலுக்கும், பயிற்றுநர் தினமும் நிறுத்தும் அந்த ஒரே இடத்துக்கும் பொருந்தும் கணக்கு. 4.3 மீட்டர் நீளமுள்ள க்ரெட்டாவில் அதே அடையாளத்தில் ஒடித்தால் காரின் பின்மூலை வேறெங்கோ போய் நிற்கும்.

இதற்கு மாற்றாக இரண்டு ஏற்பாடுகளைக் கேட்டுப் பார்க்கலாம். ஒன்று, உங்கள் காரிலேயே, உங்கள் கட்டடத்திலேயே வந்து கற்பிக்கும் பயிற்றுநர். இரட்டைப் பெடல் இல்லாத காரில் உட்கார அவர் சம்மதிக்க வேண்டும், வகுப்புக்கான கட்டணமும் கூடுதலாக இருக்கும். மற்றொன்று, 2021 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையங்கள். அங்கே இலகு ரக வாகனப் பயிற்சி நான்கு வாரங்களில் 29 மணி நேரம் நடக்க வேண்டும். அதில் 21 மணி நேரம் செய்முறை, ரிவர்ஸும் பார்க்கிங்கும் மேடு பள்ளமும் அந்தச் செய்முறைக்குள் வருகின்றன. இன்னும் உரிமம் வாங்காதவர்களுக்கு இது நல்ல வழி. உரிமம் வைத்திருப்பவர் இடுக்கில் திருப்ப மட்டும் பழகுவதற்கு 29 மணி நேரம் என்பது அதிகப்படி.

காலில் குறை உள்ளவர்களுக்கும், வீட்டில் பொறுமையாகச் சொல்லித்தர ஆளில்லாதவர்களுக்கும் பள்ளியே பொருத்தம். சேரும் முன் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: ரிவர்ஸும் பார்க்கிங்கும் மட்டும் எத்தனை வகுப்புகள்?

## மைதானத்தில் சொந்தப் பயிற்சி

என் கணிப்பில் கண்ணின் குறைக்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை. அதனால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

தேவைப்படுபவை ஒரு டேப், அரைக் கிலோ கோலப்பொடி, நாலைந்து அட்டைப் பெட்டிகள், அனுமதி பெற்ற ஒரு காலி இடம். கோலப்பொடியால் 2.5-க்கு 5 மீட்டர் கட்டம் ஒன்றை வரைந்து, உங்கள் அடுக்ககத்தில் தூண் இருக்கும் இடத்தை அளந்துவந்து அதே இடத்தில் அட்டைப் பெட்டிகளை அடுக்குங்கள். பிளாஸ்டிக் நாற்காலியைவிட அட்டைப் பெட்டி மேல்; இடித்தால் பெயின்ட்டுக்கு எதுவும் ஆகாது. பெட்டிகள் பின்கண்ணாடியில் தெரியும் உயரத்துக்கு இருக்க வேண்டும் என்பதால் இரண்டு மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்க வேண்டியிருக்கும்.

ஸ்டீயரிங்கைத் தொடும் முன் தூரக் கணிப்பைச் சோதிக்க வேண்டும். பெட்டிக்கு ஓரடி முன்னால் நிறுத்துவதாக எண்ணி நிறுத்திவிட்டு, இறங்கிப் போய் டேப்பை வைத்துப் பாருங்கள். முதல் முறை அநேகமாக எல்லோருக்கும் மூன்று நான்கு அடி மிச்சமிருக்கும், ஏனெனில் பானெட்டின் முனை ஓட்டுநர் இருக்கையிலிருந்து தெரிவதில்லை. முன்பக்கம், பின்பக்கம், இடது முன்மூலை என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளந்து பார்ப்பவருக்கு, ஒரு காலைப்பொழுதிலேயே காரின் உருவம் மனத்தில் பதியத் தொடங்கும்.

அடுத்தது வளைவின் கணக்கு. முன்னோக்கிப் போகும்போது ஒடித்தால், உட்பக்கப் பின்சக்கரம் முன்சக்கரம் போன பாதையில் போகாமல் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். ஸ்விஃப்ட் அளவுள்ள காரில் முழுவதும் ஒடித்தால் அந்த வித்தியாசம் ஒரு மீட்டரை நெருங்கும். கேட்டுத் தூணில் பின்கதவு உரசுவது இதனால்தான். பின்னோக்கிப் போகும்போது நிலைமை தலைகீழ்: பின்பக்கம் கட்டத்துக்குள் ஒழுங்காக நுழைந்துகொண்டிருக்க, முன்மூலை எதிர்ப்பக்கமாக வெளியே வீசும். புதியவர்களின் கண் பின்பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டிருப்பதால் எதிர்வரிசையில் நிற்கும் காரில் முன்பம்பர் போய் உரசுகிறது. இதற்காகவே ஒரு பெட்டியை எதிர்வரிசையிலும் வைத்துப் பழக வேண்டும்.

குறுகலான கட்டத்தில் முன்பக்கமாக நுழைவதைவிடப் பின்பக்கமாக நுழைவது எளிது என்பதும் இங்கே விளங்கிவிடும். திரும்பும் சக்கரங்கள் முன்னால் இருப்பதால், பின்பக்கத்தைக் கட்டத்தில் செருகிவிட்டு, முன்பக்கத்தை நடைபாதையின் திறந்த வெளியில் வேண்டியபடி வீசித் திருத்திக்கொள்ளலாம். முன்பக்கமாக நுழைந்தால் அந்தத் திருத்தத்துக்கு இடம் இருக்காது.

பக்கக் கண்ணாடியைக் கொஞ்சம் கீழே சாய்த்து, பின்சக்கரமும் தரைக்கோடும் ஒன்றாகத் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். கோட்டுக்கும் காரின் உடலுக்கும் இடையே தெரியும் வெள்ளை இடைவெளி, முன்னிருந்து பின்வரை ஒரே அகலத்தில் இருந்தால் கார் நேராக இருக்கிறது. பின்னால் போகப்போகக் குறுகினால் பின்பக்கம் அந்தக் கோட்டை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. ஜன்னல் மூலை அடையாளத்தைப் போலன்றி, இந்தப் பார்வை எந்தக் காரிலும் செல்லும்.

இந்த வழியின் மறைசெலவு துணைக்கு வரும் ஆள். அப்பாவோ அண்ணனோ கணவரோ பக்கத்தில் உட்கார்ந்து “ஒடி, ஒடி, நேராக்கு, ஐயோ பிரேக்கு” என்று கத்தினால், கற்பவர் அந்தக் குரலை ஓட்டப் பழகுவாரே தவிர காரை ஓட்டப் பழக மாட்டார். துணைக்கு வருபவர் வெளியே, பக்கக் கண்ணாடியில் தெரியும் இடத்தில் நிற்க வேண்டும்; கையை உயர்த்தினால் நிறுத்து என்ற ஒரே சைகை போதும். காருக்கு நேர் பின்னால் கண்ணாடிக்கு எட்டாத இடத்தில் நின்றுகொண்டு “வா வா வா” என்று தட்டிக்கொடுப்பவரால் யாருக்கும் பயனில்லை, அவருக்கே ஆபத்து.

கிளட்ச் பிளேட்டும் கணக்கில் வர வேண்டும். அரைக் கிளட்ச்சில் ஊர்வதை நிறுத்தாமல் செய்துகொண்டே இருந்தால் தீய்ந்த வாடை வரும். வந்ததும் இஞ்சினை நிறுத்தி ஆறவிட வேண்டும். கியர்பாக்ஸை இறக்கித்தான் பிளேட்டை மாற்ற முடியும் என்பதால் அந்தச் செலவு பயிற்சிக் கட்டணத்தைத் தாண்டிவிடும். சமதரையில் கிளட்ச்சை முழுவதும் விட்டுவிட்டு ஐடிலில் ஊர்வதையும், கடைசி ஓரிரு அடிக்கு மட்டும் அரைக் கிளட்ச்சைப் பயன்படுத்துவதையும் பழகிக்கொள்வதே சிக்கனம்.

மைதானம் தராதது சரிவு. கட்டடத்தின் ராம்பில் ஹேண்ட் பிரேக் போட்டு, கிளட்ச் பிடித்ததும் அதை விடுவிக்கும் பழக்கத்தை, போக்குவரத்து இல்லாத நேரத்தில் அந்த ராம்பிலேயேதான் கற்றுக்கொள்ள வேண்டும்.

## சென்சாரும் கேமராவும்

2019 ஜூலை முதல் இந்தியாவில் விற்கும் புதிய கார்களுக்குப் பின்பக்கப் பார்க்கிங் சென்சார் கட்டாயம். ஆகவே அதற்குப் பிறகு வாங்கிய காராக இருந்தால் பாதி வசதி ஏற்கெனவே கையில் இருக்கிறது. கேமராவைச் சில ஆயிரம் ரூபாய்க்கு வெளிக்கடையில் பொருத்தலாம். வயரை வெட்டி இணைத்தால் மின்பகுதி உத்தரவாதத்தில் நிறுவனம் கைவிரிக்கக்கூடும் என்பதால், அசல் இணைப்பியில் செருகும் வகையையே கேட்டு வாங்க வேண்டும்.

கருவிகளால் காலுக்கு எந்த உதவியும் இல்லை. கண்ணுக்கும் பின்பக்கத்தில் மட்டுமே உதவி. மேலே சொன்ன முன்மூலை வீச்சில் கார் உரசும்போது பின் சென்சார் எதுவும் சொல்லாது. மெல்லிய கம்பி, தொங்கும் சங்கிலி, பம்பருக்குக் கீழே போய்விடும் தாழ்வான கல் ஆகியவற்றையும் அது தவறவிடும். மழைக்காலத்தில் சேறு ஒட்டிக்கொண்டால் வீணாகக் கத்தும். கேமராவின் அகலக்கோண லென்ஸ் தூரத்தைக் கூட்டிக் காட்டுகிறது. திரையில் வரும் கோடுகள் ஸ்டீயரிங்கோடு சேர்ந்து வளைபவையா, அசையாமல் நிற்பவையா என்று வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள், அசையாத கோடு வளைவில் தவறான வழியைத்தான் காட்டும்.

இருந்தும் ஒரு காரணத்துக்காகக் கேமராவை நான் வலிமையாகப் பரிந்துரைப்பேன். கீழ்த்தளத்தில் விளையாடும் குழந்தை பின்கண்ணாடியின் விளிம்புக்குக் கீழே இருந்தால், எவ்வளவு தேர்ந்த ஓட்டுநருக்கும் தெரியாது. கழுத்தைத் திருப்ப முடியாத முதியவர்களுக்கும் கேமரா பேருதவி. 360 பாகைக் கேமரா முன்மூலைக் குறையைப் பெரிதும் தீர்க்கிறது. ஆனால் அது பெரும்பாலும் விலை கூடிய வகைகளில்தான் வருகிறது.

## ஆட்டோமேட்டிக்குக்கு மாறுவது

காலின் குறை மட்டும் உள்ளவருக்கு இது நேரடித் தீர்வு. பிரேக்கிலிருந்து காலை மெல்லத் தளர்த்தினால் கார் தானாக ஊரும், அழுத்தினால் நிற்கும். கண்ணின் குறை அப்படியே இருக்கும். தூண் நகர்ந்து கொடுக்காது.

ஆட்டோமேட்டிக் என்ற ஒரே பெயரில் விற்பவை ஒன்றுபோல நடந்துகொள்வதில்லை. 2014-இல் மாருதி செலெரியோ வழியாக இங்கே பரவிய ஏ.எம்.டி. வகைதான் மலிவு, கியர் காரைவிட ஏறக்குறைய அரை இலட்சம் ரூபாய் கூடுதல். அதற்குள் இருப்பது அதே கிளட்ச் பிளேட்தான், அதை அழுத்துவது ஒரு மோட்டார். சமதரையில் குறையில்லை. ராம்பில் பிரேக்கை விட்டதும் கிளட்ச் பிடிக்கச் சற்றுத் தாமதமாகும், சரிவில் பிரேக்கைச் சில நொடிகள் பிடித்து வைக்கும் ஹில் ஹோல்ட் வசதி இல்லாவிட்டால் கார் பின்வாங்கும். ஆக்ஸிலரேட்டரை லேசாக அழுத்தியே சரிவில் காரை நிறுத்தி வைத்தால் பிளேட் தேயும். எண்ணெய் வழியே சக்தியைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர், படிப்படியான கியர்களே இல்லாத சி.வி.டி. ஆகிய வகைகள் ஊர்வதில் மிக மென்மையானவை. இடுக்குக்காகவே மாறுகிறீர்கள் என்றால் இவற்றைத்தான் பார்க்க வேண்டும், ஆனால் விலை வித்தியாசம் பெரும்பாலும் ஒரு இலட்சத்தைத் தாண்டும். எண்ணெயில் மூழ்காத உலர் கிளட்ச் கொண்ட டி.சி.டி. (இரட்டைக் கிளட்ச்) வகையை நெரிசலில் நெடுநேரம் ஊரவிட்டால் சூடாகும்.

பதற்றத்தில் பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலரேட்டரை அழுத்துவது ஆட்டோமேட்டிக்கில் பெரிய ஆபத்து. கியர் காரில் பதறுகிறவர் பெரும்பாலும் இரண்டு கால்களையும் அழுத்திவிடுவார், கிளட்ச் சக்கரத்துக்குப் போகும் சக்தியைத் துண்டித்துவிடும். ஆட்டோமேட்டிக்கில் அந்தத் தற்காப்பு இல்லை. சமதரையில் நிறுத்தும்போது வலது பாதம் பிரேக்கின் மேலேயே இருக்க வேண்டும், ஆக்ஸிலரேட்டருக்குப் போகவே வேண்டியதில்லை.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | ஓட்டுநர் பள்ளி | மைதானப் பயிற்சி | சென்சார், கேமரா | ஆட்டோமேட்டிக் |
|---|---|---|---|---|
| காலின் குறை | தீரும், இரட்டைப் பெடலைப் பயிற்றுநர் தொடாவிட்டால் | தீரும், மெதுவாக | தீராது | உடனே தீரும் |
| கண்ணின் குறை | ஓரளவு | நன்றாகத் தீரும் | பின்பக்கம் மட்டும் | தீராது |
| வேறு காரிலும் உதவுமா | அடையாளங்கள் உதவா | உதவும் | அந்தக் கருவி இருந்தால்தான் | ஆட்டோமேட்டிக்காக இருந்தால்தான் |
| ராம்பில் | கேட்டால் கற்பிப்பார்கள் | தனியாகப் பழக வேண்டும் | பயனில்லை | டார்க் கன்வர்ட்டர், சி.வி.டி. சிறப்பு |
| மறைசெலவு | பழகிய பிறகும் சொந்தக் காருக்கான வகுப்பு | கிளட்ச் பிளேட், கீறல், வீட்டுச் சண்டை | உத்தரவாதம், மிகை நம்பிக்கை | விலை வித்தியாசம், பெடல் குழப்பம் |

## எந்தச் சூழலுக்கு எது?

சொந்தக் கியர் காரை இன்னும் பல ஆண்டுகள் வைத்திருக்கப் போகிறவர், தன் காரில் வந்து கற்பிக்கும் பயிற்றுநரிடம் நான்கைந்து வகுப்புகள் எடுத்துக்கொண்டு, பிறகு கோலப்பொடிக் கட்டத்துக்குப் போவது நல்லது. செலவும் பலனும் பொருந்திவரும் சேர்க்கை இது. முழங்கால் வலி உள்ளவர்களும், தினமும் நெரிசலில் இரண்டு மணி நேரம் ஓட்டுபவர்களும், எப்படியும் காரை மாற்றும் எண்ணத்தில் இருப்பவர்களும் ஆட்டோமேட்டிக்கை எடுக்கலாம். இடுக்குப் பயம் ஒன்றுக்காக மட்டும் நல்ல காரை விற்க வேண்டியதில்லை. ஒரே காரை வீட்டில் மூவர் ஓட்டினால், கேமரா மூவருக்கும் சேர்த்துச் செய்யும் செலவாகிவிடும். திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் போன்ற பழைய தெருக்களில் இருப்பவர்கள் அடுத்த கார் வாங்கும்போது சுழற்சி ஆரத்தையும், அதாவது முழுவதும் ஒடித்தால் கார் போடும் வட்டத்தின் ஆரத்தையும், பார்க்க வேண்டும்: வேகன் ஆருக்கு 4.7 மீட்டர், க்ரெட்டாவுக்கு 5.3 மீட்டர். மூன்றே முறை முன்னும் பின்னும் போய்த் திரும்பும் இடத்தில் ஐந்தாறு முறை போக வேண்டிவருவது இந்த வித்தியாசத்தால்தான்.

ஐந்தாவதாக ஒரு வழி பல அடுக்ககங்களில் இருக்கிறது: சாவியைக் காவலாளியிடம் கொடுத்துவிடுவது. அவரிடம் செல்லுபடியாகும் உரிமம் இல்லாவிட்டால், இடித்தபின் காப்பீட்டு நிறுவனம் சொந்தச் சேதத்துக்குப் பணம் தராது. திருப்புவதற்காகக் கார் கேட்டைத் தாண்டித் தெருவுக்கு வந்துவிட்டால், உரிமம் இல்லாதவரிடம் காரைக் கொடுத்த குற்றத்துக்கு உரிமையாளருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 180-ஆம் பிரிவின்படி 5000 ரூபாய் அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். உரிமம் உள்ள காவலாளி என்றால், அவரையே காலையில் அரை மணி நேரம் கண்ணாடியில் தெரியும் இடத்தில் நின்று கை காட்டச் சொல்லிவிட்டு, ஸ்டீயரிங்கில் நீங்கள் உட்காருங்கள்.